வீட்டு வாத்து முட்டை: எடுப்பது, துடைப்பது, கழுவுவது, சமைப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடசென்னை திருவொற்றியூரில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் ஏழு வாத்துகள் வளர்க்கிறேன். ஆறு வருஷமாகிறது. தெருவில் முட்டை வாங்குபவர்களும், எங்களைப் பார்த்து வாத்து வாங்கி விட்டவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பதையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன். கழுவுவது பற்றிய பதில்தான் நீளமானது. அதில்தான் நாங்களும் முதல் வருஷம் தவறு செய்தோம்.

முட்டையை எடுத்ததும் கழுவிட வேண்டாமா?

வேண்டாம். பார்க்கச் சுத்தமாக இருக்கிற முட்டையைத் தொடவே வேண்டாம்.

முட்டை ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் இருக்கின்றன. உள்ளே குஞ்சு வளர்ந்தால் மூச்சுவிட அந்தத் துளைகள் வேண்டும். அவற்றை அடைத்தபடி ஒரு மெல்லிய படலம் ஓட்டின் மேல் பூசியிருக்கும். முட்டை வெளியே வரும்போது ஈரமாக இருந்து, சில நிமிஷத்தில் காய்ந்துவிடும். கிருமி உள்ளே போகாமல் வாத்தே போட்டுத் தருகிற காவல் அது. தண்ணீர் ஊற்றித் தேய்த்தால் முதலில் போவது அதுதான். அப்புறம் ஓடு பளிச்சென்று தெரியும், ஆனால் கதவு திறந்து கிடக்கும்.

லேசாக மண், கொஞ்சம் எச்சம் ஒட்டியிருக்கிறது. தண்ணீர் இல்லாமல் எப்படி எடுப்பது?

முதலில் காய விடுங்கள். ஈரத்தோடு துடைத்தால் ஒரு இடத்து அழுக்கை முட்டை முழுக்கப் பூசியதாகிவிடும். காய்ந்ததும் விரல் நகத்தாலேயே பாதி உதிர்ந்துவிடும். மிச்சத்துக்கு ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் மிக நைசான உப்புத்தாள் ஒரு துண்டு போதும். அழுக்கு இருக்கிற இடத்தில் மட்டும் மெல்லத் தேயுங்கள். பாத்திரம் தேய்க்கிற ஸ்டீல் நார் வேண்டாம், ஓட்டில் கோடு விழும். உப்புத்தாளை அடிக்கடி மாற்றுங்கள். நேற்றைய எச்சம் படிந்த தாளை இன்றைய முட்டையில் தேய்ப்பதில் அர்த்தமில்லை.

எச்சம் அப்பிக் கிடக்கிறது, உப்புத்தாளுக்கு அடங்காது. கழுவித்தான் ஆக வேண்டும். எப்படி?

முதல் வருஷம் நான் செய்ததைச் சொல்கிறேன். ஒரு வாளியில் பச்சைத் தண்ணீர் பிடித்து, பன்னிரண்டு முட்டையையும் ஊறப்போட்டேன். அரை மணி கழித்து வழித்தெடுத்தால் வெள்ளை வெளேரென்று இருந்தன. பெருமையாகத் தட்டில் அடுக்கி வைத்தேன். இரண்டு வாரத்தில் நான்கு கூமுட்டை. ஒன்றை உடைத்தபோது வந்த நாற்றத்தில் அன்றைக்கு வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

நடந்தது இதுதான். சூடான முட்டையைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டால் உள்ளே இருப்பது சுருங்குகிறது. சுருங்கும்போது வெளியில் இருப்பதைத் துளைகள் வழியாக உறிஞ்சுகிறது. வெளியில் இருப்பது என்ன? எச்சம் கரைந்த தண்ணீர். கழுவுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, வெளியே இருந்த கிருமியை நானே உள்ளே அனுப்பிவைத்திருக்கிறேன்.

அதனால் தண்ணீர் முட்டையைவிடச் சூடாக இருக்க வேண்டும். குறைந்தது 11 டிகிரி செல்சியஸ் கூடுதலாக. வெளிநாட்டுக் குறிப்புகளில் 32 டிகிரி என்று ஒரு எண் வரும். அதை மட்டும் பிடித்துக்கொள்ளாதீர்கள். மே மாதத்தில் நம் சமையலறையில் சும்மா இருக்கிற முட்டையே அந்தச் சூட்டில்தான் இருக்கும். நமக்கு 43 முதல் 48 டிகிரி வரை வேண்டும். வெதுவெதுப்பு போதாது. கை பொறுக்கும், ஆனால் நெடுநேரம் வைக்கத் தோன்றாது, அந்தச் சூடு.

தெர்மாமீட்டர் இல்லாத வீட்டுக்கு என் கணக்கு: காலையில் பிடித்த குழாய்த் தண்ணீர் மூன்று சொம்பு, தளதளவென்று கொதித்த தண்ணீர் ஒரு சொம்பு. கலந்தால் ஏறக்குறைய 47 டிகிரி வரும். மொட்டை மாடி டேங்க் தண்ணீரை மத்தியானம் பிடித்தால் அதுவே சுடும், இந்தக் கணக்கு சரிவராது.

இனி செய்முறை. ஊற வைக்கவே கூடாது. ஒரு கையில் முட்டை, மறு கையால் மக்கில் எடுத்து ஊற்றியபடி, மெல்லிய துணியாலோ பழைய பல் துலக்கும் பிரஷ்ஷாலோ தேய்க்க வேண்டும். ஒரு முட்டைக்கு ஒரு நிமிஷத்துக்குமேல் ஆகக்கூடாது. வாளித் தண்ணீர் ஆறினால் புதிதாகக் கலக்கிக்கொள்ளுங்கள். கடைசியில் அதே சூட்டில் நல்ல தண்ணீர் ஒருமுறை ஊற்றி, உடனே காய்ந்த துணியில் ஒற்றி எடுங்கள். தானாகக் காயட்டும் என்று விடாதீர்கள். நம் ஊர் ஈரக்காற்றில் அது சீக்கிரம் காயாது, ஓட்டில் ஈரம் நிற்கும் வரை கிருமிக்கு வழி இருக்கிறது.

பாத்திரம் கழுவும் சிங்கில் செய்யாதீர்கள். இதற்கென்று ஒரு பிளாஸ்டிக் பேசின், ஒரு மக், ஒரு பிரஷ் தனியாக வையுங்கள். நான் பின்பக்கத் துணி துவைக்கிற கல்லருகே செய்கிறேன்.

சோப்பு? வினிகர்? மஞ்சள் தண்ணீர்? பிளீச்சிங் பவுடர்?

பாத்திரம் தேய்க்கும் சோப்பு வாசனையோடு வருகிறது, ஓட்டின் துளை அதையும் இழுக்கும். வேண்டாம். வினிகர் சுண்ணாம்பைக் கரைக்கும், ஓடே சுண்ணாம்புதான். தேய்த்தால் ஓடு மெலியும். மஞ்சள் தண்ணீர் மேல் எனக்கும் மரியாதை உண்டு, ஆனால் முட்டையை அது காப்பாற்றும் என்று நம்பி மற்றதை விட்டுவிடாதீர்கள்.

கழுவிய பிறகு கிருமி நீக்க வேண்டும் என்று நினைத்தால், வாசனை சேர்க்காத பிளீச் திரவம் (பாட்டிலில் 4 அல்லது 5 சதவீதம் சோடியம் ஹைப்போகுளோரைட் என்று போட்டிருக்கும்) ஒரு லிட்டர் சுடுதண்ணீருக்கு ஒரு சிறு தேக்கரண்டி. அதற்குமேல் வேண்டாம். ஊற்றி எடுத்துத் துடைத்துவிடுங்கள். பிளீச்சையும் வினிகரையும் ஒருபோதும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும், மூச்சு அடைக்கும்.

கழுவிய முட்டையை வெளியில் வைக்கலாமா? கழுவாததை?

கழுவியது கட்டாயம் ஃபிரிட்ஜுக்குள். படலம் போய்விட்டது, இனி குளிர்தான் காவல். கழுவாதது சில நாள் வெளியில் தாங்கும் என்று சொல்வார்கள். குளிர்காலம் உள்ள ஊருக்கு அது பொருந்தும். 32, 35 டிகிரியில் மஞ்சள் கருவைச் சுற்றியுள்ள சவ்வு சீக்கிரம் தளர்ந்துவிடும், உள்ளே ஒன்றிரண்டு கிருமி இருந்தாலும் பெருகிவிடும். அதனால் எங்கள் வீட்டில் கழுவாததும் அன்றைக்கே ஃபிரிட்ஜுக்குப் போய்விடும், மூடி போட்ட டப்பாவில், உள்தட்டில். கதவில் இருக்கும் முட்டைக் குழிகள் வேண்டாம், கதவைத் திறக்கும்போதெல்லாம் அங்கேதான் சூடு ஏறும்.

கழுவியது ஒரு வாரம், கழுவாதது மூன்று வாரம் என்பது நான் வைத்திருக்கும் கெடு. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த முட்டைக்கு வியர்க்கும் பாருங்கள், அந்த ஈரம் மேலே இருப்பதை உள்ளே கொண்டுபோகும். எடுத்தால் சமைத்துவிடுங்கள், இரண்டு மணி நேரத்துக்குமேல் வெளியில் விட்டுத் திரும்ப உள்ளே வைக்காதீர்கள்.

என் மாமியார் முட்டையை அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்பார். உடையாமல் இருக்கும், உண்மைதான். ஆனால் எச்சம் பட்ட ஓடு அரிசியோடு கிடக்கிறது, அந்த அரிசியில் நம் கை போகிறது. அவரிடம் பேசி அந்தப் பழக்கத்தை நிறுத்த எனக்கு ஒரு வருஷம் ஆனது.

கோழி முட்டை இவ்வளவு அழுக்காக இருப்பதில்லையே. வாத்து முட்டை மட்டும் ஏன்?

கோழி கொஞ்சம் உயரமான, காய்ந்த இடம் தேடி முட்டையிடும். வாத்து தரையில், நின்ற இடத்தில் இட்டுவிடும். இட்டுவிட்டு அதன் மேலேயே ஈரக்காலோடு நடக்கும். குடிக்கிற தண்ணீரைச் சுற்றிலும் இறைக்கும். எச்சமும் நீர்த்தே வரும். கழுவும் வேலையில் முக்கால்வாசி, படுக்கையைக் காயவைப்பதிலேயே தீர்ந்துவிடும் என்பதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன்.

நாங்கள் மாற்றியது இரண்டே விஷயம். ஒன்று, தண்ணீர் டப்பைக் கூண்டிலிருந்து தள்ளி, ஜல்லி கொட்டிய மூலைக்குக் கொண்டுபோனோம். மூக்கைக் கழுவிக்கொள்ள வாத்துக்குத் தலை முழுகும் ஆழம் வேண்டும், அதைக் குறைக்கவில்லை. இடத்தைத்தான் மாற்றினோம். இரண்டு, படுக்கையில் நான்கு விரல் உயரத்துக்கு வைக்கோல், தினமும் மேலே ஒரு கைப்பிடி புதிது. உமி கிடைத்தால் அடியில் உமி. மர மில்லில் மரத்தூள் வாங்குபவர்கள் பிளைவுட் அறுத்த தூள் கலக்காததாகக் கேட்டு வாங்குங்கள், அதில் பசையும் மருந்தும் இருக்கும்.

இன்னொன்று நேரம். வாத்து பெரும்பாலும் விடியற்காலை 4 மணியிலிருந்து 7 மணிக்குள் இட்டுவிடும். 8 மணி வரை கூண்டைத் திறக்காமல் வைத்திருந்து, திறந்ததும் முட்டையை எடுத்துவிட்டால் பாதி அழுக்கு சேரவே சேராது. சீக்கிரம் திறந்துவிட்டால் சாக்கடை ஓரத்தில் இட்டு வைக்கும், தேடிப் பிடிப்பதற்குள் காக்கா கொத்திவிடும். அப்படித் தேடிப் பிடித்த முட்டை எப்போது இட்டது என்று தெரியாவிட்டால் நான் சமைப்பதில்லை.

எங்கள் வாத்து கால்வாயில் மேய்ந்துவிட்டு வருகிறது. முட்டையை நன்றாகக் கழுவினால் போதுமா?

போதாது. இதை ஒவ்வொருவரிடமும் உட்கார வைத்துச் சொல்ல ஆசைப்படுகிறேன். ஓட்டின் மேல் இருப்பதைத்தான் கழுவ முடியும். வாத்து தின்றது முட்டைக்கு உள்ளே இருக்கிறது.

பக்கிங்காம் கால்வாய், ஓட்டேரி நல்லா ஓடை, எண்ணூர் கழிமுகம் எல்லாம் நம் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. வாத்துக்குச் சேறு கண்டால் சொர்க்கம், அலகை விட்டுத் துழாவி வடிகட்டித் தின்னும். அந்தச் சேற்றில் ஈயம் இருந்தால் அது வாத்தின் உடம்பில் சேர்ந்து மஞ்சள் கருவுக்கும் ஓட்டுக்கும் வரும். கொதிக்க வைத்தாலும் ஈயம் போகாது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத்தான் அது முதலில் பாதிக்கும். காயலான் கடைகளை ஒட்டிய காலி மனைகளும் இப்படித்தான், பழைய பேட்டரி உடைத்த மண்ணில் ஈயம் தங்கிவிடும். குப்பை எரிகிற இடங்களில் டையாக்சின் என்ற நஞ்சு சாம்பலோடு மண்ணில் விழும், திறந்த வெளியில் மேயும் பறவையின் முட்டைக் கொழுப்பில் அது சேரும். கொடுங்கையூர் குப்பைமேட்டுப் புகை அடிக்கடி வரும் தெருவில் இருப்பவர்கள் வாத்தை மண்ணில் மேய விடாமல், சிமெண்ட் தரையும் வைக்கோலுமாக வளர்ப்பது நல்லது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எர்ணாவூர், எண்ணூர் பக்கம் வீடுகளுக்குள்ளேயே வந்தது நினைவிருக்கும். அந்த வாரம் எனக்குத் தெரிந்த ஒரு அம்மா, இறகில் கறுப்பு ஒட்டிய வாத்துகளின் முட்டையைக் கொண்டுவந்து கழுவித் தரச் சொன்னார். வாங்கி, கட்டி, குப்பையில் போட்டுவிட்டேன். அவருக்கு வருத்தம்தான், அன்றைக்கு அவர் வீட்டில் வேறு வருமானமும் இல்லை. ஆனாலும் அந்த முட்டையை யாரும் தின்ன விட எனக்கு மனசு வரவில்லை.

கால்வாயை மறந்துவிடுங்கள். ஒரு பிளாஸ்டிக் டப், நல்ல தண்ணீர், தீவனம், கீரைக்கழிவு. வாத்து பழகிக்கொள்ளும்.

காசிமேட்டிலிருந்து மீன் கழிவு இலவசமாகக் கிடைக்கிறது. போடலாமா?

கொஞ்சம் போடலாம், முட்டை நன்றாக வரும். நிறையப் போட்டால் முட்டையே கவுச்சி அடிக்கும், எவ்வளவு கழுவினாலும் போகாது. அழுகினதைப் போடவே கூடாது. அழுகிய மீனில் உண்டாகும் நஞ்சால் வாத்தின் கழுத்து தொய்ந்து விழும், பெரும்பாலும் பிழைக்காது.

வாத்து முட்டையில் கலக்கி போடலாமா? ஆஃப் பாயில்?

கூடாது. எங்கள் வீட்டில் இதற்குத்தான் அதிகச் சண்டை, கலக்கி பிடிக்காத ஆள் யார் இருக்கிறார்கள்! ஆனால் சால்மோனெல்லா கிருமி ஓட்டின் மேல் மட்டும் இருப்பதில்லை. முட்டை உருவாகும் பாதையிலேயே தொற்று இருந்தால், ஓடு மூடுவதற்கு முன்பே உள்ளே வந்துவிடும். அந்த வாத்து நோய் எதுவும் காட்டாமல் கொழுகொழுவென்று திரியும். 2010-ல் இங்கிலாந்திலும் வடக்கு அயர்லாந்திலும் வாத்து முட்டை சாப்பிட்டவர்களிடையே சால்மோனெல்லா பரவியது.

வெள்ளை, மஞ்சள் இரண்டும் கெட்டியாக வேண்டும், 71 டிகிரி தொட வேண்டும். வாத்து முட்டை 65, 75 கிராம் வரை இருக்கும், கோழி முட்டைக் கணக்கில் வேகவைத்தால் நடுவில் ஈரம் நிற்கும். கொதிக்கிற தண்ணீரில் 12 நிமிஷம், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததென்றால் 14. ஆம்லெட் என்றால் இரண்டு பக்கமும். உடைத்து ஊற்றும் குழம்பு என்றால் மூடி போட்டுப் பத்து நிமிஷம், பிறகு ஒரு முட்டையைக் கரண்டியால் பிளந்து பார்த்துவிட்டு இறக்குங்கள்.

மயோனைஸும் இதில் சேர்த்தி. பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸைத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை செய்தது. கடைக்கு ஆகாதது வீட்டு மிக்ஸியிலும் ஆகாது.

பையன் பாக்ஸிங் போகிறான். பச்சை முட்டை குடித்தால் உடம்பு ஏறும் என்கிறான்.

நம் பக்கத்தில் வீட்டுக்கு ஒரு பையன் குத்துச்சண்டை அல்லது ஃபுட்பால், எல்லோரிடமும் இந்த நம்பிக்கை இருக்கிறது. வெந்த முட்டையின் புரதம்தான் உடம்பில் நன்றாகச் சேரும். பச்சை வெள்ளைக்கருவில் இருக்கும் ஒரு பொருள் பயோட்டின் என்ற வைட்டமினைப் பிடித்துவைத்துக்கொள்ளும். பையனிடம் இதைச் சொல்லுங்கள். போட்டிக்கு முதல் நாள் வயிற்றுப்போக்கில் படுத்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லுங்கள், அது இன்னும் சீக்கிரம் புரியும்.

சாப்பிட்டபின் வயிறு சரியில்லை. எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

சால்மோனெல்லா 6 மணி நேரத்திலிருந்து 6 நாளுக்குள் காட்டும்: காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வயிற்றைப் பிடித்துக்கொள்ளும் வலி. ஓ.ஆர்.எஸ். கரைசலை உடனே ஆரம்பியுங்கள். மலத்தில் ரத்தம், 102 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டிய காய்ச்சல், சிறுநீர் குறைதல், வாய் உலர்தல் இருந்தால் காத்திருக்க வேண்டாம். ஐந்து வயதுக்குள் குழந்தை, கர்ப்பிணி, வயதானவர், சர்க்கரை நோயாளி என்றால் இவை வரும்வரைகூடப் பார்க்காமல் போய்விடுங்கள். வாத்து முட்டை சாப்பிட்டதை டாக்டரிடம் சொல்லுங்கள்.

தண்ணீரில் மிதந்தால் கெட்டது, மூழ்கினால் நல்லது. சரிதானே?

பழசா புதுசா என்று சொல்லும். நாளாக ஆக உள்ளே காற்றறை பெரிதாகும், அதனால் மிதக்கிறது. கிருமி இருக்கிறதா என்று அது சொல்லாது. அதோடு, பச்சைத் தண்ணீரில் போடுகிறீர்கள், மேலே சொன்ன அதே தவறு. சமைக்கப் போகும் நிமிஷத்தில் மட்டும் செய்யுங்கள், சோதித்துவிட்டுத் திரும்ப அடுக்கி வைக்காதீர்கள்.

மயிரிழை விரிசல் இருந்தால்?

இருட்டில் செல்போன் டார்ச்சை முட்டைக்குப் பின்னால் பிடித்தால் விரிசல் வெள்ளைக் கோடாகத் தெரியும். கூண்டிலேயே விரிந்தது என்றால் தூக்கிப் போடுங்கள். உங்கள் கையில் இப்போதுதான் தட்டியது என்றால் உடனே வேகவைத்துச் சாப்பிடலாம்.

குழந்தைகள் முட்டை எடுக்கப் போகலாமா?

ஐந்து வயதுக்குக் கீழே வேண்டாம். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும், வாத்துக்கும் குழந்தைக்கும் அப்படி ஒரு ஒட்டுதல். தள்ளி நின்று பார்க்கட்டும். பெரிய பிள்ளைகள் எடுக்கலாம், சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குள் வர வேண்டும். கூண்டுக்கென்று தனிச் செருப்பு, அது வாசல்படி தாண்டக் கூடாது. வாத்துக்கு முத்தம் கொடுப்பதை என் மகள் நிறுத்த நாளானது.

மழையில் கூண்டுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. முட்டையை என்ன செய்ய?

தெருத்தண்ணீர் தொட்ட முட்டை அத்தனையும் குப்பைக்கு. கழுவிப் பார்க்கலாம் என்று யோசிக்கவே வேண்டாம், சாக்கடையும் அதில்தான் கலந்திருக்கிறது. வெறுங்காலோடு கூண்டைச் சுத்தம் செய்யாதீர்கள். எலி மூத்திரம் கலந்த தண்ணீர் காலில் இருக்கும் சின்ன வெடிப்பு வழியாக எலிக்காய்ச்சலைக் கொண்டுவரும். கம்பூட்ஸ் இல்லாவிட்டால் தண்ணீர் வடியும்வரை பொறுங்கள். அக்டோபர் பிறந்ததும் கூண்டைச் செங்கல் அடுக்கி இரண்டடி உயர்த்திவிடுவது எங்கள் வழக்கம்.

வாத்துக்கு மருந்து கொடுத்திருக்கிறோம். முட்டை சாப்பிடலாமா?

எத்தனை நாள் தள்ள வேண்டும் என்று மருந்து எழுதிய டாக்டரிடமே கேளுங்கள். மருந்துக்கு மருந்து அது மாறும். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நமக்குப் பக்கம், ஆத்திர அவசரத்துக்கு 1962 என்ற எண் இருக்கிறது. திடீரென்று இரண்டு மூன்று வாத்து ஒன்றாகச் செத்தால் கையால் தொடாதீர்கள், முட்டையையும் எடுக்காதீர்கள், முதலில் கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள். பறவைக் காய்ச்சலாக இருக்கலாம்.

அடை வைக்கிற முட்டையைக் கழுவலாமா?

கூடாது, துடைத்தால் போதும். சுத்தமானதாகப் பார்த்துப் பொறுக்கி வையுங்கள். கோழியை அடையில் உட்கார வைப்பவர்கள் 21 நாளில் எழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வாத்துக் குஞ்சுக்கு 28 நாள்.

அக்கம்பக்கத்தில் நாலு முட்டை கொடுக்கும்போது என்ன சொல்லிக் கொடுப்பது?

கழுவியதா, கழுவாததா என்பதைச் சொல்லுங்கள். இட்ட தேதியை ஓட்டில் பென்சிலால் எழுதுங்கள், பேனா வேண்டாம், மை துளைக்குள் இறங்கும். அந்த வீட்டில் கைக்குழந்தையோ, கர்ப்பிணியோ, சர்க்கரைக்காரரோ இருந்தால் நான் வாசலிலேயே நின்று "கலக்கி போட்டுக் கொடுத்துடாதம்மா, பன்னிரண்டு நிமிஷம் வேகவெச்சுக் கொடு" என்று சொல்லிவிட்டுத்தான் வருவேன்.